டப்பா ஒரிஜினல்

மஞ்சள் பூத்த அட்டை டப்பா. மேலே கம்பெனி முத்திரை, பாதி அழிந்த பார்ட் நம்பர், ஒரு மூலையில் எலி கடித்த தடம். உள்ளே எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய கிராங்க் ஆயில் சீல். பேரிங் கடையில் நூறு ரூபாயைத் தாண்டாத அந்தச் சாமானுக்கு ஆயிரத்து இருநூறு கொடுத்தேன். விற்றவர் அதைக் கையில் வைத்த விதம் கோயில் பிரசாதம் தருவதைப் போல இருந்தது. "கம்பெனி மூடுறதுக்கு முன்னாடி வந்த ஸ்டாக் சார். இனிமே கிடைக்காது."

இனிமேல் கிடைக்காது என்பது உண்மைதான். கிடைக்காமல் இருந்திருந்தால் எனக்கு ஒரு பிஸ்டன் மிச்சம். மேக்னெட் பக்கத்தில் அந்த சீலை மாட்டி எழுபது கிலோமீட்டர் ஓடியிருக்கும். நெடுஞ்சாலையில் பின்சக்கரம் கீச்சென்று இழுத்து நின்றது. டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் அறைதான் பெட்ரோல் கலவையை உறிஞ்சி மேலே தள்ளும் பம்ப். சீலின் உதடு இறுகிப்போய் ஷாஃப்டைப் பிடிக்காவிட்டால் அந்த இடுக்கு வழியாக வெறும் காற்று நுழையும். கலவை மெலியும், பிஸ்டன் காயும், சிலிண்டரைக் கவ்வும். நாற்பது வருஷம் டப்பாவுக்குள் கிடந்த ரப்பர் அப்படித்தான் இறுகும். செய்தவர்கள் மேல் குற்றமில்லை என்பதால் வண்டியின் பெயரை விட்டுவிடுகிறேன். ரப்பருக்கு டப்பா தெரியாது, வயது மட்டும்தான் தெரியும்.

பழைய வண்டிக்காரர்கள் நடுவே நாட்டார் தெய்வம் மாதிரி ஒரு நம்பிக்கை உட்கார்ந்திருக்கிறது. கிடைக்காத பாகம் தேய்ந்துபோனால் அதே கம்பெனியின் பழைய ஸ்டாக்கைத் தேடு. அது இல்லையென்றால் அதே மாடல் இன்னொரு வண்டியிலிருந்து கழற்று. அதுவும் முடியாவிட்டால் வண்டியைத் துணி போர்த்தி நிறுத்து. லேத்துக்கு மட்டும் போகாதே. லேத்தில் செய்து போட்டால் அது "டூப்ளிகேட்". "அப்போ வேல்யூ போச்சு சார்" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். இந்த நம்பிக்கைக்கு ஏழைத் தம்பி ஒருவன் உண்டு, தெருமுனை மெக்கானிக்கிடம் வசிப்பவன். "பார்ட்ஸ் இல்ல, எடைக்குப் போட்டுடுங்க" என்பது அவன் வசனம். ஒருவர் பூஜை செய்கிறார், இன்னொருவர் எடைக்குப் போடுகிறார். கம்பெனி செய்யாத பாகம் பாகமே இல்லை என்பதில் மட்டும் இருவரும் ஒன்று.

அந்தக் கணக்கு தப்பு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

"கம்பெனி செய்தது" என்பதிலிருந்தே ஆரம்பிக்கலாம். கம்பெனி டப்பாவில் வந்த பேரிங்கைக் கம்பெனி செய்யவில்லை. பேரிங் செய்பவரிடம் வாங்கி, தன் டப்பாவில் போட்டு, தன் நம்பரை ஒட்டியது. பேரிங்கின் முகத்தைத் துடைத்துப் பார்த்தால் 6305 மாதிரி ஓர் எண் தெரியும். உள்விட்டம் 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 62, அகலம் 17. உலகத்தில் எந்த ஊர் பேரிங் கடையில் கேட்டாலும் அந்த எண்ணுக்கு அந்த அளவுதான். ஆயில் சீலும் பெரும்பாலும் மூன்று அளவில் அடங்கிவிடும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். பிளக், செயின், டயர், பேட்டரி எல்லாமே வெளியிலிருந்து வந்தவை. புதிய டயர் போட்ட வண்டியைப் பார்த்து ஒரிஜினல் போச்சு என்று யாரும் ஒப்பாரி வைப்பதில்லை. கறுப்பு ரப்பருக்கு ஒரு நியாயம், உள்ளே இருக்கிற எஃகுக்கு வேறு நியாயம்.

கம்பெனி என்ற சொல்லையே கொஞ்சம் சுரண்டிப் பார்ப்போம். ஜாவா என்ற பெயர் யானெசெக் என்ற செக் தொழிலதிபரின் பெயரில் இரண்டு எழுத்தும், வாண்டரர் என்ற ஜெர்மன் கம்பெனியின் பெயரில் இரண்டு எழுத்தும் சேர்த்துக் கட்டியது. 1929-இல் வாண்டரரின் மோட்டார்சைக்கிள் வடிவத்தை வாங்கித் தன் ஊரில் செய்ய ஆரம்பித்தார் அவர். அதாவது முதல் ஜாவாவே இன்னொருவர் வண்டியின் நகல். பிறகு அந்தச் செக் ஜாவாவை உரிமம் வாங்கி மைசூரில் ஐடியல் ஜாவா செய்தது. அதே வண்டி பின்னாளில் யெஸ்டி ஆனது. 1996-இல் மைசூர் தொழிற்சாலை மூடியது. 2022-இல் யெஸ்டி என்ற பெயர் மறுபடி கடைக்கு வந்தது. வந்தது 334 சிசி, நான்கு ஸ்ட்ரோக், தண்ணீரால் குளிரும் இன்ஜின். பழைய இரண்டு ஸ்ட்ரோக், காற்றால் குளிரும் வண்டிக்கு அதிலிருந்து ஒரு திருகாணிகூட உதவாது. புதிய வண்டியைக் குறை சொல்லவில்லை. பெயரை வைத்து ஒரிஜினல் தீர்மானிப்பவர்களைத்தான் கேட்கிறேன்: பழைய யெஸ்டியின் அளவில், பழைய யெஸ்டியின் எஃகில், பெயரே போடாமல் கோயம்புத்தூரில் ஒருவர் கடைந்து கொடுக்கிற புஷ் அந்த வண்டிக்கு நெருக்கமா, பெயர் மட்டும் அச்சான டப்பா நெருக்கமா?

புல்லட் கதை இன்னும் வேடிக்கை. 1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் புல்லட் செய்துவந்த கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் முதலில் வெளிநாட்டிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள்; சில வருஷங்களில் எல்லாவற்றையும் இங்கேயே செய்தார்கள். 1967-இல் ரெட்டிச்சில் அடுப்பு அணைந்தது. திருவொற்றியூர் 1977-இல் அதே இங்கிலாந்துக்கு வண்டி ஏற்றுமதி செய்யத் தொடங்கியது. 1950களின் இங்கிலாந்து புல்லட்டைக் காப்பாற்ற நினைக்கிற அங்கத்தியர் இன்றைக்கும் மெட்ராஸ் பாகங்களைத்தான் நாடுகிறார். நகல் எடுத்த பிள்ளை தாய்க்குச் சோறு போடுகிறது. அந்தச் சோற்றை டூப்ளிகேட் என்று தள்ளிய ஆங்கிலேயரை நான் கேள்விப்பட்டதில்லை. நம்மூர்க்காரர்களுக்குத்தான் கை கூசுகிறது.

அந்த புல்லட்டின் பிக் எண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய இரும்பு சிலிண்டர் 350-இல் கனெக்டிங் ராடுக்கும் கிராங்க் பின்னுக்கும் நடுவே பேரிங் இல்லை, மிதக்கிற ஒரு புஷ். ராடோடும் ஒட்டாது, பின்னோடும் ஒட்டாது. இரண்டுக்கும் நடுவே எண்ணெய்ப் படலத்தில் தனியே சுழலும். ஆயில் ஒழுங்காகப் போகிறவரை அது அருமையான ஏற்பாடு. பம்ப் சோர்ந்தாலோ, ஆயிலை மாற்ற மறந்தாலோ, ஓரிரு நீண்ட பயணத்தில் தட்டத் தொடங்கிவிடும். பல மெக்கானிக்குகள் புஷ்ஷைத் தூக்கிவிட்டு ரோலர் பேரிங் வைத்து கிராங்க் கட்டினார்கள். தூய்மைவாதிகள் அதைத் துரோகம் என்றார்கள். பிற்கால இன்ஜின்களில் கம்பெனியும் ரோலருக்கே போனது. துரோகி யார் என்று இப்போது யாரும் பேசுவதில்லை.

அளவு மாறக் கூடாது என்பவர்களுக்குக் கம்பெனியின் பாக அட்டவணையே பதில் சொல்லும். சிலிண்டர் தேயும் என்று தெரிந்துதான் ஓவர்சைஸ் பிஸ்டன் என்று ஒரு வரிசையே விற்றார்கள். கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் என்று அது ஏறும். தேய்ந்தால் போரிங் போடு, அடுத்த அளவு பிஸ்டன் மாட்டு. ஜாவா 250-இன் போர் 65 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 75. கணக்குப் போட்டால் சுமார் 248.9 சிசி. ஒரு மில்லிமீட்டர் போரிங் போட்டால் 256.6. புத்தகத்தில் பதிந்த கொள்ளளவு அந்த வண்டியில் இப்போது இல்லை. இதைக் கம்பெனியே வழிசொல்லிச் செய்ய வைத்தது. தேய்மானமும் அதைச் சரிசெய்வதும் வண்டி பிறக்கும்போதே கூடப் பிறந்தவை. தொழிற்சாலை வாசலைத் தாண்டிய அந்த ஒரு நாளை உறைய வைத்து அதுதான் அசல் என்று கும்பிடுவது, ஒருவரை அவருடைய பிறப்புச் சான்றிதழை வைத்து அடையாளம் காண்பதைப் போல.

ராஜ்தூத் 350-காரர்கள் இந்த விஷயத்தில் பாவம். யமஹா ஆர்டி350-ஐ உரிமத்தில் எஸ்கார்ட்ஸ் செய்த வண்டி அது. 1983-இல் வந்தது, எண்பதுகள் முடிவதற்குள் மூச்சு அடங்கியது. யமஹாவின் வண்டியில் முன்பக்கம் டிஸ்க் பிரேக். இங்கே வந்தபோது டிரம். 347 சிசி இரட்டை சிலிண்டர் பாய்கிற வேகத்துக்கு அந்த டிரம் போதவில்லை என்று ஓட்டியவர்கள் எல்லோரும் முணுமுணுத்தார்கள். இன்று ஒருவர் டிஸ்க் மாட்டினால் ஒரிஜினலைக் கெடுத்ததாகப் பேச்சு. எதன் ஒரிஜினல்? யமஹாவின் வரைபடமா, எஸ்கார்ட்ஸின் கணக்குப் புத்தகமா? டிஸ்க் மாட்டச் சொல்லி நான் வக்காலத்து வாங்கவில்லை. அது பழுதுபார்ப்பதைத் தாண்டிய மாற்றம், அந்த வழக்கு தனி. தேய்ந்த டிரம்முக்கு புதிய லைனர் போடுவதைக்கூட அதே தட்டில் வைத்து நிறுப்பவர்களைத்தான் சொல்கிறேன்.

பழைய ஸ்டாக் மட்டும்தான் புனிதம் என்பதில் ஆபத்தும் இருக்கிறது, வெறும் பணவிரயம் மட்டுமில்லை. அந்தக் காலத்து பிரேக் ஷூக்களின் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருப்பது சாதாரணம். டப்பா பிரிக்காத ஜோடி கிடைத்தது என்று பூரிக்கிறவர் டிரம்மைத் திறந்து ஊதும்போது எதை மூச்சில் இழுக்கிறார் என்று யோசிப்பதில்லை. பாயிண்ட் கண்டென்சர் அலமாரியில் கிடந்தே செத்துப்போகும். பழைய மேக்னெட்டோக்களின் சுருள் ஷெல்லாக் அரக்குப் பூச்சில் சுற்றியது, சூடேறினால் இளகும். அதை இன்றைய எனாமல் கம்பியில், இன்றைய ரெசினில் திரும்பச் சுற்றுபவர் ஒரிஜினலைக் கொல்லவில்லை, வழியில் நிற்காமல் வீடு வந்துசேர வழி செய்கிறார்.

அதற்கெல்லாம் மேல் பெட்ரோல் இருக்கிறது. அந்த வண்டிகள் குடித்துப் பழகிய ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டோடு நாடு முழுக்க நின்றது. இப்போது பங்கில் வருவதில் 20 சதவீதம் வரை எத்தனால். எத்தனால் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரை, பெட்ரோல் காக்கின் தக்கையை, டாங்கின் உள்பூச்சைப் பதம் பார்க்கும். மாட்டவேண்டிய இடம் மாறிவிட்டது, மாட்டுகிற சாமான் மட்டும் மாறக்கூடாதாம். விட்டான் ரப்பரில் அதே அளவு சீல் கிடைக்கிறது. இன்றைய பெட்ரோலை அது தாங்கும். வெளியே பார்த்தால் தெரியாது. பார்க்கத் தெரிந்தவருக்கும் தெரியாது.

இன்னொரு வண்டியிலிருந்து கழற்றுவது பற்றிப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். சென்னைப் புதுப்பேட்டையில் ஒரு சுற்று நடந்தால் தெரியும், எத்தனை வண்டிகள் உறுப்பு உறுப்பாகத் தொங்குகின்றன என்று. விபத்தில் நொறுங்கியவை, எடைக்கு வந்தவை, சரி. ஆனால் ஓடுகிற நிலையில் இருக்கும் வண்டியை ஒரு கியர்பாக்ஸுக்காக வாங்கிப் பிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்றைத் தின்று ஒன்று பிழைக்கிறது. அப்படிக் கழற்றிய கியரும் அதே நாற்பது வருஷம் ஓடியதுதான். அதே பல்லில் அதே தேய்மானம். தேய்ந்ததற்குப் பதில் தேய்ந்ததைப் போட்டுவிட்டு "ஒரிஜினல்" என்று நிம்மதியாகத் தூங்குகிறோம். தேவை ஏறியதும் திருட்டும் ஏறும், போலி டப்பாவும் ஏறும். அசலைக் கும்பிடுகிற சந்தைதான் போலிக்குப் பால் வார்க்கிறது.

எதிர்த்தரப்பின் நல்ல வாதத்தை மறைத்துவிட்டு ஜெயிப்பதில் எனக்கு விருப்பமில்லை. லேத்தில் செய்கிற பாகங்களில் குப்பை நிறைய. கையில் கிடைத்த இரும்புக் கம்பியைக் கடைந்து, டார்ச்சில் சிவக்கச் சூடுபண்ணி எண்ணெயில் முக்கி, "ஹார்டன் பண்ணிட்டேன் சார்" என்று கொடுப்பவர்கள் உண்டு. அந்தப் பாகம் ஒரு மாதம் தாங்காது. மெட்ரிக் போல்ட்டை இங்கிலீஷ் மரையில் ஸ்பேனர் போட்டு ஏற்றியே தீருவேன் என்று அடம்பிடித்து புல்லட்டின் கேஸைக் கிழித்தவர்களும் உண்டு. லேத் வேண்டாம் என்று சொல்பவர்கள் இந்தச் சூடு கண்ட பூனைகள். அவர்கள் பயம் நியாயம், முடிவுதான் தவறு. சமையல்காரர் ஒருவர் குழம்பைக் கருக்கினார் என்று அடுப்பையே விலக்கி வைப்பதா?

நல்ல வேலை எப்படி நடக்கும் என்று ஒருமுறை கிட்ட இருந்து பார்த்தால் இந்த வாதம் பாதி கரைந்துவிடும். கோயம்புத்தூர் கணபதி பக்கம் ஒரு பட்டறை. இரண்டாம் கியர் தானாகக் கழன்று நியூட்ரலில் விழுகிற நோய் என் நண்பரின் வண்டிக்கு. கியரின் பக்கவாட்டில் இருக்கிற டாக் பற்களின் முனை உருண்டுபோனால் இது வரும். தேய்ந்த கியரை நீட்டி, "இதே மாதிரி ஒண்ணு போட்டுக் கொடுங்கண்ணே" என்றோம். டர்னர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தேஞ்சதை அளந்தா தேஞ்சதைத்தான் செஞ்சு தருவேனுங்க. சோடி கியரையும், சாஃப்ட்டையும் கொண்டு வாங்க" என்றார்.

அந்த ஒரு வரிக்குள் இந்தத் தொழில் முழுக்க இருக்கிறது. தேய்ந்த பாகம் பொய் சாட்சி சொல்லும். எது தேயவில்லையோ, அங்கே அளக்க வேண்டும்; ஓரமாக, உரசாமல் கிடந்த பல்லின் அடியில். அதோடு சேர்கிற ஜோடியைக் கேட்க வேண்டும். பற்களை எண்ணி, விட்டத்தை அளந்து, இது மாட்யூல் கணக்கா, இங்கிலீஷ் டயமெட்ரல் பிட்ச் கணக்கா என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். செக் வம்சத்து வண்டி என்றால் மாட்யூல், ரெட்டிச் வம்சம் என்றால் பிட்ச் என்று எதிர்பார்க்கலாம். இரண்டரை மாட்யூலும் பத்து பிட்ச்சும் கண்ணுக்கு அண்ணன் தம்பி. கணக்கில் பத்து பிட்ச் என்பது 2.54 மாட்யூல். இருபது பல் கியரில் பிட்ச் விட்டம் ஒன்றுக்கு 50 மில்லிமீட்டர், மற்றதற்கு 50.8. அந்தப் புள்ளி எட்டு மில்லிமீட்டரைக் கவனிக்காமல் வெட்டியவர் கியர்பாக்ஸ் ஊளையிடும், பிறகு பல் உதிரும். ஊளையைக் கேட்டு, "லேத் வேலைன்னா இப்படித்தான்" என்பார்கள். இல்லை, அளக்காத வேலை என்றால் இப்படித்தான்.

பிறகு எஃகு. கியருக்கு மேல்தோல் கல்லாகவும் உள்ளே கொஞ்சம் விட்டுக்கொடுப்பதாகவும் இருக்க வேண்டும். அதற்கென்றே இஎன்353 மாதிரி எஃகு வகைகள் இருக்கின்றன. பல் வெட்டியபின் கார்பன் ஏற்றி, குளிர்வித்து, ராக்வெல் அளவில் 58-லிருந்து 62-க்குள் கொண்டுவருவார்கள். சூட்டில் உலோகம் கொஞ்சம் நெளியும். அதனால் உள்துளையைக் கடைசியில்தான் கிரைண்டிங் செய்வார்கள். சூளை வேலையை அவர் தானே செய்யவில்லை, அதற்கென்று இருக்கிற இடத்துக்கு அனுப்பி, கடினம் எவ்வளவு வந்தது என்று சீட்டு வாங்கி வைத்திருந்தார். டப்பாவில் வந்த எந்தப் பாகத்தோடும் எனக்கு அப்படி ஒரு சீட்டு வந்ததில்லை.

செலவுக் கணக்கையும் மறைக்கவில்லை. ஒற்றைக் கியருக்கு இத்தனை வேலை என்றால் செலவு டப்பாவைத் தாண்டும். பத்துப் பேர் சேர்ந்து பத்து கியர் செய்தால் தலைக்கு விழுவது பல மடங்கு குறையும். இங்கிலாந்தில் வின்சென்ட் வண்டிக்காரர்கள் இதைத்தான் செய்தார்கள். ஸ்டீவனேஜ் தொழிற்சாலை 1955-இல் வண்டி செய்வதை நிறுத்தியது. உரிமையாளர் சங்கமே உதிரிபாகத்துக்கென்று தனிக் கம்பெனி தொடங்கி, வரைபடத்தை வைத்துக்கொண்டு ஏறக்குறைய முழு வண்டிக்கும் பாகம் செய்து வருகிறது. அதனால் வின்சென்ட்டின் விலை சரிந்ததா? பழைய பைக்குகளில் தலை சுற்றும் விலைக்குப் போகிறவற்றில் அதுவும் ஒன்று. நம்மூரில் பத்துப் பேர் சேர்ந்தால் முதலில் டி-சர்ட் அடிக்கிறோம்.

சட்டத்தைக் காட்டி மிரட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனிப்பதிவு விதி கொண்டுவந்தது. ஐம்பது வயது தாண்டிய, அசல் வடிவத்தில் பேணப்பட்ட, சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்குத் தனி எண். "பாருங்க, சட்டமே அசல்னு சொல்லுது" என்கிறார்கள். சட்டம் கேட்பது மாற்றத்தைப் பற்றி. தேய்ந்த புஷ்ஷுக்கு அதே அளவில் புதிய புஷ் போடுவது மாற்றத்துக்கு நேர் எதிர். வண்டி எப்படி இருந்ததோ அங்கே திரும்பக் கொண்டுபோய் விடுவது. சேஸி நம்பரைச் சுரண்டாதே, வேறு இன்ஜினை மாட்டிவிட்டுப் பொய் சொல்லாதே என்றால் நானும் அந்தக் கட்சிதான்.

யாரும் கைவைக்காத, தொழிற்சாலைப் பெயின்ட்டோடு, முதல் சீட் துணியோடு எங்கோ ஒரு திண்ணையில் கிடைக்கிற வண்டி இருக்கிறதே, அதைத் தொடாதீர்கள் என்று நானே சொல்வேன். அது ஆவணம், ஓடவேண்டிய அவசியமில்லை. பழைய வண்டிகளுக்கான உலக அமைப்பான ஃபிவாவின் டுரின் சாசனம் 2012-இல் ஒப்புக்கொள்ளப்பட்டது. அதிலுள்ள ஒரு யோசனை எனக்குப் பிடிக்கும்: மாற்றிய பாகத்தில், கண்ணை உறுத்தாமல், அழியாத ஓர் அடையாளம் போட்டு வையுங்கள் என்பது. செய், செய்ததை மறைக்காதே. தூய்மைவாதி செய்யவே கூடாது என்கிறார். ஏமாற்றுக்காரர் செய்துவிட்டு மறைக்கிறார். நடுவில் இவ்வளவு அகலமான சாலை கிடக்கிறது.

நம்மூரில் இதற்கு முன்மாதிரி வெளிநாட்டிலிருந்து வரவேண்டியதில்லை. திருவாரூர் ஆழித்தேர் 1920களில் எரிந்துபோனது. புதிய மரத்தில் புதிய தேர் கட்டினார்கள். பின்னாளில் திருச்சி பெல் தொழிற்சாலை இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. வடம் பிடிக்கப் போனவர்கள் யாராவது "இது ஒரிஜினல் தேரா?" என்று கேட்டுவிட்டு வடத்தைக் கீழே போட்டார்களா? தேர் என்றால் ஓடவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நண்பரின் வண்டியில் இப்போது இரண்டாம் கியர் கழல்வதில்லை. புதிய கியரின் முகத்தில் செய்த மாதமும் வருஷமும் மின்பேனாவால் எழுதியிருக்கிறது. பழையது பிஸ்கட் டின்னில் எண்ணெய் பூசித் தூங்குகிறது. என் வண்டிக்கு போரிங் போட்டு, அடுத்த ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டி, பேரிங் கடை சீலை அடித்து இறக்கினேன். மூவாயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது.

ஆயிரத்து இருநூறு ரூபாய் சீலை ஞாபகத்துக்கு என்று டப்பாவிலேயே திரும்பப் போட்டு அலமாரியில் வைத்திருந்தேன். போன மாதம் வீட்டுக்கு வந்த ஒருவர் அதைக் கண்டதும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். முத்திரையைத் தடவினார். விலை கேட்டார். அது இறுகிப்போன சீல், இன்ஜினைத் தின்றுவிடும் என்று எச்சரித்தேன்.

"சீல் வேண்டாம் சார், நீங்களே வெச்சுக்குங்க" என்றார். "டப்பா மட்டும் கொடுப்பீங்களா?"